மூன்று புள்ளிகளுக்குப் பின்னால்

இங்கே நான் எழுதவிருக்கும் நிகழ்ச்சி நடந்த காலத்தில், நாயுடுபுரத்தில் இருந்த ஓர் இணையதள வடிவமைப்பு நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தேன். மதுரையில் இயற்பியலில் முதுகலை முடித்தவன். கொடைக்கானல் விடுதிக்காரர்கள் பெயர்ப்பலகையை வாசலில் மட்டுமே மாட்ட முடியும் என்று நம்பிக்கொண்டிருந்த நாளிலேயே இத்தொழிலுக்கு வந்தவன். என் பார்வைக்கு வராமல் எந்தப் பக்கமும் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போனதில்லை, ஒன்றைத் தவிர. இது அந்த ஒன்றைப் பற்றியது.

இதை எழுத வைத்தவர்கள் நீங்கள்தான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்: "சார், வெப் டிசைன் கத்துக்க நல்ல ரிசோர்ஸ் எதுன்னு சொல்லுங்க." கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். 'தொடக்கநிலையாளர் தவறவிடக் கூடாத நூறு தளங்கள்' என்ற வகைப் பட்டியல். யாரோ தொகுத்து, யாரோ யாருக்கோ அனுப்பி, ஒருவருமே படிக்காதது. சென்ற மாதம் ஓர் இளைஞர் அப்படிப்பட்ட இணைப்புகளை ஒரு கோப்புறை நிறைய எனக்குக் காட்டினார். இவற்றில் எதைப் படித்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும் சேவ் பண்ணி வச்சிருக்கேன் சார்" என்றார். ஊறுகாயைக்கூடச் சாப்பிடுவதற்காகத்தான் போட்டு வைக்கிறார்கள்.

ரேவதியும் அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றோடுதான் எங்களிடம் வந்தார். வில்பட்டிப் பெண். கணினி அறிவியல் பட்டம் பெற்றவர். தந்தை கேரட்டும் பீன்ஸும் போடுகிற சிறு விவசாயி. டவுன் பஸ்ஸில் வெள்ளனே வந்து, அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. குறை அவர் நம்பிய ஆசானிடம் இருந்தது.

அந்த ஆசானை நீங்களும் அறிவீர்கள். காணொளியில் பாடம் நடத்துகிற அவருடைய பெயர் ஒவ்வோர் ஆண்டும் மாறும், ஆள் மாறமாட்டார். முதுகுக்குப் பின்னால் ஊதா விளக்கு, மேசையில் காபிக் குவளை, முகத்தில் எதையும் இழந்தறியாத மலர்ச்சி. 'உங்கள் பக்கம் கற்றுக்குட்டி வேலை போலத் தெரிகிறதா? இந்த ஐந்தைச் செய்யுங்கள்' என்பார். செய்து காட்டும்போது, கட்டங்களுக்குள் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளைக் கொட்டுவார். அந்த வரிகளுக்கு அர்த்தம் கிடையாது என்பதால் எங்கே வெட்டினாலும் நட்டமில்லை. எவரும் படிக்கப்போகாத எழுத்தை வைத்துக்கொண்டு, பிறர் படிக்கவேண்டிய பக்கத்தை அமைக்கக் கற்றுக்கொடுக்கிற துணிச்சலை வேறெந்தத் தொழிலிலும் நான் கண்டதில்லை.

வில்பட்டிக் காய்கறி வண்டிக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சங்கத்துக்கு நாங்கள் ஒரு சிறிய தளம் செய்து கொடுத்திருந்தோம். மலைப்பாதை நிலவரம், சந்தை விடுமுறை, பழுது பார்க்கும் ஆள் யார் என்பன போன்ற அறிவிப்புகள் அதில் வரும். நான் அமைத்தபடி ஒவ்வோர் அறிவிப்பும் முழு வாக்கியமாக, ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றது. சில அறிவிப்புகள் இரண்டு வரி, சில நான்கு வரி. அழகில்லை என்றார்கள். ஆனால் படிக்க முடிந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தில் மூழ்கியிருந்த வாரத்தில், ரேவதி தம் ஆசானின் ஐந்து யோசனைகளில் ஒன்றை அந்தப் பக்கத்தில் புகுத்தினார். அறிவிப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே வரியில் நிற்கும். திரையில் இடம் போதாவிட்டால் பக்கமே மீதியை மறைத்துவிட்டு மூன்று புள்ளிகள் இடும். முழுதும் வேண்டுவோர் அதைத் தொட்டு உள்ளே போய்ப் படிக்க வேண்டும். நிறுவன உரிமையாளரிடம் காட்டினார். உரிமையாளருக்கு எல்லாம் சம நீளத்தில் இருந்தால் போதும். "சூப்பரா நீட்டா இருக்கும்மா. போட்டுரு. சாருக்கு அப்புறம் காட்டிக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' வரவில்லை.

ஐப்பசி அடைமழையில் பழனி மலைப்பாதையில் மண் சரிந்தது. வழி திறந்துவிட்டது, வண்டிகளை இறக்கலாம் என்று யாரோ ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டார்கள். சங்கச் செயலாளர் ஜமால் பாய், பெரிய காய்கறி வியாபாரி, பேச்சில் சிக்கனமானவர். தொலைபேசியில் ரேவதியைக் கூப்பிட்டு, அந்தப் பேச்சை நம்பாதீர்கள் என்று உடனே போடச் சொன்னார். ரேவதி போட்டார். அவர் எழுதிய வாக்கியம் இது:

'பழனி மலைப்பாதையில் வண்டிகளை இறக்கலாம் என்று பரவும் செய்தியை நம்ப வேண்டாம்.'

இலக்கணப் பிழை இல்லை, பொருள் மயக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். சிறிது நேரத்தில் ஜமால் பாய் மறுபடி அழைத்தார். இம்முறை என்னை.

"என்ன சார் சோலி பாத்து வச்சிருக்கீங்க? நம்பாதீங்கன்னு போடச் சொன்னா எறக்கலாம்னு போட்டிருக்கீங்க! லோடோட மூணு வண்டி கெளம்பிருச்சு சார்!"

நான் ரேவதியைப் பார்த்தேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், நான் சரியாத்தான் சார் போட்டேன். பாருங்க, 'நம்ப வேண்டாம்'னு இருக்குல்ல."

இருந்தது. அலுவலகத்தின் அகன்ற திரையில் வாக்கியம் முழுதாக, கம்பீரமாக நின்றது. அலுவலகத்திலேயே மிகச் சிறிய செல்பேசி வைத்திருந்தவரிடம் அதை வாங்கி, அதே பக்கத்தைத் திறந்தேன். இப்படி இருந்தது:

'பழனி மலைப்பாதையில் வண்டிகளை இறக்கலாம்…'

நம் மொழியில் வேண்டாம் என்பதை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறோம். ஆசானின் மொழியான ஆங்கிலத்தில் அது தொடக்கத்திலேயே வந்துவிடும். வாலை வெட்டினாலும் தலை மிஞ்சும். இங்கே வாலை வெட்டினால் சொல்லவந்ததற்கு நேர் எதிரானதுதான் மிஞ்சுகிறது. ஓட்டுநர்கள் தொட்டு உள்ளே போய்ப் படித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். பனிமூட்டத்தில் சிக்னல் கிடைத்து இரண்டாவது பக்கம் திறப்பதற்குள் ஒரு வண்டிக்குச் சுமை ஏற்றிவிடலாம். அது போதாதென்று, ஒருவர் அந்தப் பாதி வரியைப் படமெடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்.

ஒரு வண்டிக்கு ஓட்டுநர் ஒருவர், மூட்டைகளின்மேல் சுமைதூக்குவோர் இரண்டு மூன்று பேர். கீழே, வளைவுக்கு அப்பால், இன்னும் சரிந்துகொண்டிருந்த மண். நெருக்கடியில் மனிதர்கள் தங்கள் உண்மையான படிப்பைக் காட்டிவிடுவார்கள். உரிமையாளர் காட்டியது இது:

"சார், டெலிட் பண்ணிருங்க! பக்கத்தையே தூக்கிருங்க! எவன் கேட்டாலும் சைட் டவுன்னு சொல்லிக்கலாம்."

ரேவதி காட்டியது வேறு. புள்ளிகளை எடுப்பது எப்படி என்று அறிய, ஆசானின் காணொளியைத் திறந்துவிட்டார். அவர் ஊதா விளக்கின் முன்னால் உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவரை மூடும்மா" என்றேன்.

"இல்ல சார், இதுலதான் அந்த ஸ்டெப் வரும். கொஞ்சம் தள்ளி…"

"அவர் ஊர்ல மழை பெய்யல. மூடு."

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் நிரலைத் திருத்த உட்கார்ந்திருப்பீர்கள், மீதிப்பேர் உரிமையாளரோடு சேர்ந்து அழித்திருப்பீர்கள். இரண்டுமே மடமை. பக்கத்தை அழித்தால், குழுவில் சுற்றும் அந்தப் படம் மட்டுமே சாட்சியாக நிற்கும். சந்தேகப்பட்டுச் சரிபார்க்க வருகிறவனுக்கும் பதில் கிடைக்காது. நிரலைத் திருத்தினால் பக்கம் திருந்தும், படம் திருந்தாது. அந்த நிமிடத்தில் பழுது பார்க்க வேண்டியது வாக்கியத்தை. வடிவத்தை அல்ல.

நான் சொல்லச் சொல்ல ரேவதி தட்டினார்: 'இறங்காதீர்கள். பழனி மலைப்பாதையில் மண் சரிவு.' வேண்டாம் என்பதை முதல் சொல்லிலேயே வைத்தோம். இனி எவன் எங்கே வெட்டினாலும் அது தப்பாது. அந்தச் சிறிய செல்பேசியில் பார்த்து, அதைப் படமெடுத்துக் குழுவில் போடச் சொன்னேன். பிறகு தொலைபேசியில் காத்திருந்த ஜமால் பாயிடம் திரும்பினேன்.

"டிரைவருங்க போன் எடுக்கறாங்களா?"

"எங்க சார் எடுக்கும்? எறக்கத்துல டவரே கெடையாதே."

"வழியில வண்டி நிக்கிற கடை எது?"

"அந்தோணி டீக்கடை இருக்கு. அவன் போன் மட்டும் எடுக்கும். ஏலே, அந்தோணி நம்பரப் போடுலே, வெரசா!" என்று அங்கே யாரையோ விரட்டும் சத்தம் கேட்டது.

அந்தோணி குடையை விரித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றாராம். முதலில் வந்த வண்டிக்காரர், "என்னண்ணே, டீ ஓசியா குடுக்கறீகளா?" என்று கேட்டிருக்கிறார். "ஓசியாத்தான் தாரேன், எறங்குடா மொதல்ல" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார் அந்தோணி. அடுத்த வண்டி அதன் பின்னாலேயே வந்து நின்றது.

"ரெண்டு வண்டிய மறிச்சுட்டாப்ல சார்" என்றார் ஜமால் பாய். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணாவது முத்துப்பாண்டி வண்டி. அது முன்னமே தாண்டிருச்சாம்."

அந்தப் பிற்பகலில் உரிமையாளர் இரண்டு முறை வெளியே போய்வந்தார். ரேவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துப்பாண்டி அவர் தெருக்காரர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் செய்தி வந்தது. சரிவுக்குச் சற்று முன்னால் கல் உருண்டு வருவதைப் பார்த்து முத்துப்பாண்டி பிரேக் போட்டிருக்கிறார். வண்டி நின்றுவிட்டது. ஆனால் மேலே உட்கார்ந்திருந்த சுமைதூக்கும் ஆள் ஒருவர் பயந்து குதித்ததில் கை முறிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அத்தோடு முடிந்ததென்று உரிமையாளர் பெருமூச்சு விட்டார். வில்பட்டியில் அப்போதுதான் தொடங்கியது. 'இறக்கலாம்' என்று எழுதி ஆளை ஆபத்தில் தள்ளியவள் ரேவதி என்று ஊர் தீர்மானித்துவிட்டது. மறுநாள் அவர் நேரங்கழித்து வந்தார். கேட்டதற்கு, முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்ததாகச் சொன்னார்.

"ஏன்?"

"வழக்கமா எடம் போட்டு வைப்பாங்க சார். இன்னிக்கு ஒருத்தருமே நகரல. 'கம்ப்யூட்டர்காரி வாராடி, எந்திரிச்சு நில்லுங்கடி, இல்லன்னா நம்மளையும் பள்ளத்துக்கு அனுப்பிருவா'ங்குறாங்க. எங்கம்மா காதுபடவே சொல்றாங்க சார்."

உரிமையாளருக்கு இதிலும் ஒரு வழி தெரிந்தது. என்னைத் தனியே அழைத்தார்.

"அந்தப் புள்ளைய நிறுத்திரலாம் சார். சங்கத்துக்கும் ஒரு திருப்தி. இனிமே அறிவிப்ப எல்லாம் இங்கிலீஷ்லயே போட்டுருவோம். கட் ஆனாலும் ப்ராப்ளம் வராது."

"டிரைவருங்கள்ல எத்தனை பேர் இங்கிலீஷ் படிப்பாங்க?"

"ட்ரான்ஸ்லேட் பட்டன அமுக்கிக்குவாங்க சார்."

இந்த மனிதர்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார் என்பதை எண்ணிப் பொறுத்துக்கொண்டேன். "நிறுத்துங்க. காரணத்தை எழுத்துல குடுக்கணும்ல, அதுல 'என்னிடம் காட்டி என் சம்மதத்தோடு செய்தார்'ங்கறதையும் சேத்து எழுதுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சங்கக் கூட்டத்துக்கு நானே வில்பட்டி போனேன். ரேவதியையும் அழைத்துப்போனேன். அவர் வர விரும்பவில்லை, நான் வற்புறுத்தினேன். மடிக்கணினியில் முழு வாக்கியத்தையும் செல்பேசியில் பாதி வாக்கியத்தையும் அடுத்தடுத்துக் காட்டினேன். எழுதியது ஒன்று, தெரிந்தது வேறொன்று என்று விளக்கினேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்ப தப்பு யாரு மேலங்க? புள்ளி மேலயா?"

கூட்டம் சிரித்தது. என் முன்னால் எவரும் அப்படிச் சிரித்து எனக்குப் பழக்கமில்லை.

"புள்ளி வச்சதுல எங்க அலுவலகத்துத் தப்பு இருக்கு" என்றேன். "எழுதுனதுல தப்பு இல்ல. இந்தப் பொண்ணு எழுதுனதத்தான் இப்பப் பெரிய திரையில படிச்சீங்க."

ஜமால் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "சார் சொல்றது வெளங்குது. ஆனா கை ஒடிஞ்சவனுக்கு வெளங்கணும்ல. அவன் பாத்தது எறக்கலாம்ங்கறதத்தானே."

"அதுக்கு இந்தப் பொண்ணா பொறுப்பு?"

"பொறுப்பு இல்லீங்க சார். ஆனா இனிமே இந்தப் புள்ள கை வைக்கிற சைட்டு எங்களுக்கு வேண்டாம்."

வேண்டாம் என்பதைத் தெளிவாகக் கடைசியில் வைத்தார். அவர்களுக்கு ரேவதியை ஒதுக்கி வைத்த ஒரு தளம் தேவைப்பட்டது. அப்படிச் செய்து தருகிற நிறுவனம் எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சங்கம் திண்டுக்கல்லில் வேறோர் இடத்தில் புதுத் தளம் செய்துகொண்டது. விலைக்கு வாங்கிய ஆயத்த வடிவம். ஒரு நாள் அதை அந்தச் சிறிய செல்பேசியில் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் அறிவிப்பும் ஒரே வரி, சம நீளம், முடிவில் மூன்று புள்ளிகள். அதைச் செய்தவர்களைத் தொலைபேசியில் எச்சரித்தேன். பேசிய இளைஞர், "அது லேட்டஸ்ட் டிசைன் சார், எல்லா வீடியோலயும் இப்படித்தான்" என்றார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடக்கநிலையாளருக்கு நல்ல மூலம் எது? ஒரு பாடம் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, அதைச் செய்யக் கூடாத இடம் எது என்று சொல்லாவிட்டால் அது பாடமன்று, விளம்பரம். இந்த ஒரு சோதனையில் உங்கள் நூறு தளங்களில் தொண்ணூறுக்கு மேல் விழுந்துவிடும். உலாவியைச் செய்கிறவர்களும் அவர்களோடு சேர்ந்து உழைப்பவர்களும் எழுதி வைத்த ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் காபிக் குவளை இல்லை, எவரும் உங்களை நண்பா என்று அழைப்பதில்லை, ஆகவே நீங்கள் படிப்பதில்லை. அந்த மூன்று புள்ளிகளுக்கான பக்கத்தையும் நான் ரேவதியோடு உட்கார்ந்து படித்தேன். மறைக்கப்படும் எழுத்தைப் படிப்பவர் இழக்கிறார் என்ற எச்சரிக்கை அதில் வெளிப்படையாகவே இருந்தது. காணொளியில் அதற்கு நேரமில்லை.

மற்றொரு மூலமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. எந்தத் தளத்தையும் திறந்து அதன் உள்நிரலை நீங்கள் பார்க்கலாம், எவரும் தடுக்கமாட்டார். வேறெந்தத் தொழிலில் இப்படி அடுத்தவர் சமையலறைக்குள் தாராளமாக நுழைய விடுகிறார்கள்? நீங்களோ வாசலில் நின்று மெனு கார்டைப் படமெடுக்கிறீர்கள். பயிற்சிக்கு இலத்தீன் குப்பையை நிரப்பாதீர்கள். உண்மையான தமிழ் வாக்கியத்தை நிரப்புங்கள், அதிலும் 'இல்லை' என்றும் 'வேண்டாம்' என்றும் முடியும் வாக்கியத்தை. பிறகு செண்பகனூர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு, விலை மலிந்த செல்பேசியில் அதைத் திறந்து பாருங்கள். அலுவலக நாற்காலியில் அழகாகத் தெரிந்தவற்றில் எத்தனை அங்கே பிழைக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகிறவர்களுக்கு இது இழிவாகத் தோன்றும். தோன்றட்டும்.

நான் ஓய்வு பெற்றபோது நடந்த விழாவில், மலைப்பாதையில் மூன்று வண்டிகளையும் கணினியால் நிறுத்தியவர் என்று உரிமையாளர் என்னைப் புகழ்ந்தார். நின்றவை இரண்டு. நிறுத்தியது அந்தோணியின் குடை. மூன்றாவது வண்டியை நிறுத்தியது அதன் ஓட்டுநரின் கால்.

ரேவதி வேலையை விட்டு நீக்கப்பட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவர் இன்றும் அதே அலுவலகத்தில் பணிபுரிகிறார். 'வண்டிகளை இறக்கலாம்' என்று அவர் எழுதியதாக வில்பட்டியில் இப்போதும் சொல்கிறார்கள். உங்களில் சிலரும் அதை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. அவர் எழுதிய வாக்கியம் 'நம்ப வேண்டாம்' என்று முடிந்தது.